மொறிஸ் மைனர் 1000: நட்டை முழுக்க மேலே ஏற்றிய பிறகும் எஸ்.யூ. காபரேற்றரில் கலவை செறிவாகவே இருக்கிறது

கொக்குவில் மைனர்:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் 1966ஆம் ஆண்டின் நான்கு கதவு மொறிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. எஞ்சின் 1098 சி.சி.; பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும், அதனோடு வந்த எஸ்.யூ. எச்.எஸ். 2 காபரேற்றர்தான் இன்றும் பொருத்தப்பட்டிருக்கிறது. என் பெரியப்பா அதை யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாடகைக் காராக ஓட்டினார். பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில், ஊரில் ஓடிய மற்றக் கார்களைப் போலவே, இதையும் மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கொட்டகையில் நிறுத்தப்பட்ட கார், அதன்பின் வெளியே வரவே இல்லை. இப்போது அதன் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கண்காட்சிப் பொருளாக வைத்திருக்காமல், நாள்தோறும் ஓடும் காராக அதை மீட்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பெற்றோல் தாங்கியையும் குழாய்களையும் கழுவிச் சுத்தம் செய்தாயிற்று. கராஜ் ஒன்றில் காபரேற்றரைக் கழற்றி, புதிய ஜெட், ஊசி, மிதவை வால்வு ஆகியவை அடங்கிய கிற் ஒன்றைப் போட்டுத் தந்தார்கள். அதற்குப் பிறகு கார் காலையில் உடனே ஸ்ராட் ஆகிறது. ஆனால் எஞ்சின் சூடேறியதும் ஓட்டம் தடுமாறத் தொடங்குகிறது. சந்தியில் நிறுத்தினால் இரண்டு மூன்று முறை குலுங்கி அணைந்துவிடுகிறது. புகைக்குழாயின் வாய் கரி பூசியது போல் இருக்கிறது, நான்கு பிளக்குகளும் உலர்ந்த கரியோடு வெளியே வருகின்றன, காருக்குள் பெற்றோல் நெடி அடிக்கிறது. அணையாமல் இருப்பதற்காக ஐடில் திருகாணியை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 1200 சுற்றுக்கு மேல் ஓடுகிறது, அப்படியும் அணைகிறது.

ஜெட்டைச் சுற்றியுள்ள நட்டை மேலே ஏற்றினால் கலவை மெலியும், அதாவது அதில் பெற்றோல் குறையும் என்று கைநூலில் படித்து, அதை முழுக்க மேலே ஏற்றிவிட்டேன். ஏற்றும்போதும் சரி, பிறகு இறக்கிப் பார்த்தபோதும் சரி, எஞ்சின் ஓசையில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. காபரேற்றரின் பக்கத்தில் உள்ள சிறிய ஊசியை மேலே தள்ளி, காபரேற்றருக்குள் இருக்கும் பிஸ்ரனைச் சற்று உயர்த்தினால் எஞ்சின் வேகம் கூடி, கூடிய நிலையிலேயே நிற்கிறது. திறப்பைத் திருப்பியதும் பெற்றோல் பம்பு சில நொடிகள் விரைவாகத் தட்டிவிட்டு அமைதியாகிறது.

அடுத்து எதைப் பார்க்க வேண்டும்? காபரேற்றரையே மாற்ற வேண்டிய நிலையா?

வவுனியா கராஜ்:

தம்பி, நட்டைத் திருப்பியும் ஓசை மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, நான் முதலில் பிடித்துக்கொள்வது அந்த வரியைத்தான். நல்ல நிலையில் உள்ள எஸ்.யூ.வில் அந்த அறுகோண நட்டை ஒரு பட்டை அளவு, அதாவது ஆறில் ஒரு சுற்று, திருப்பினாலே காது அதை உணரும். முழுவதும் ஏற்றி இறக்கியும் எதுவும் நடக்கவில்லை என்றால், நட்டுக்கும் ஜெட்டுக்கும் தொடர்பு அறுந்திருக்கிறது.

காரணத்தை விளக்கிவிடுகிறேன். ஜெட் என்பது நட்டில் திருகப்பட்ட பொருள் அன்று. அது ஒரு மெல்லிய பித்தளைக் குழாய். அதன் தலை கீழிருந்து வந்து நட்டின் அடியில் முட்டி நிற்கிறது, நட்டு அதற்கு ஓர் எல்லை மட்டுமே. குளிர்ந்த எஞ்சினை எடுக்க நீங்கள் சோக்கை இழுக்கும்போது கேபிள் நெம்புகோலைத் திருப்பி ஜெட்டைக் கீழே இழுக்கிறது. பிஸ்ரனின் அடியில் பூட்டிய கூம்பிய ஊசியின் மெல்லிய பகுதி ஜெட்டின் வாய்க்கு வருவதால் பெற்றோல் கூடுதலாக ஏறுகிறது. சோக்கை உள்ளே தள்ளியதும் ஜெட் மேலே போய் மீண்டும் நட்டில் முட்ட வேண்டும். காபரேற்றரைக் கழற்றிப் பூட்டும்போது சோக் கேபிளை இழுத்துக் கட்டிவிட்டால், கைப்பிடி முழுக்க உள்ளே இருந்தாலும் ஜெட் கீழேயே தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது நட்டை எங்கே வைத்தாலும் எஞ்சினுக்குத் தெரியாது. கார் நாள் முழுவதும் பாதிச் சோக்கில் ஓடுகிறது என்று பொருள். காலையில் உடனே ஸ்ராட் ஆவதும், சூடேறியதும் தடுமாறுவதும், உலர்ந்த கரியும் இதற்குப் பொருந்தி வருகின்றன.

கை விளக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு காபரேற்றரின் அடியைப் பாருங்கள். ஜெட்டின் தலைக்கும் நட்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று கவனியுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, விரலால் ஜெட்டின் தலையை மேலே தள்ளுங்கள். அது மேலே ஏறி, எஞ்சின் ஓட்டமும் அதனுடன் மாறினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. கேபிளின் பிடித்திருகாணியைத் தளர்த்தி, நெம்புகோல் அசையத் தொடங்குமுன் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு தளர்வு இருக்குமாறு மீண்டும் பூட்டுங்கள். சோக்கோடு சேர்ந்து இயங்கும் வேக ஐடில் திருகாணிக்கும் அதன் காமுக்கும் இடையில் கடதாசி நுழையும் அளவுக்காவது இடைவெளி இருக்க வேண்டும். கேபிள் தளர்ந்த பிறகும் ஜெட் ஏற மறுத்தால், அது தன் உறைக்குள் இறுகியிருக்கிறது. அப்போது கழற்றித்தான் ஆக வேண்டும்.

மிதவை வால்வைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. எஸ்.யூ. மின்பம்பு மிதவை அறை நிரம்பியதும் நின்றுவிடும். வால்வு கசிந்தால், எஞ்சின் ஓடாத நேரத்திலும் விட்டுவிட்டு ஒரு தட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும். உங்களுடையது அமைதியாகிறது என்கிறீர்கள், நல்லது. ஆனால் பழைய பம்பை எடுத்துவிட்டு வேறு காரின் மின்பம்பைப் பொருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். அவற்றுட் சிலவற்றின் அழுத்தம் இந்தச் சிறிய வால்வு தாங்கக்கூடியதை விட அதிகம். ஓடும்போது மிதவையை மீறிப் பெற்றோலைத் தள்ளிவிடும்.

இதைச் சரிசெய்ததும் நேராக நட்டுக்குப் போய்விடாதீர்கள். காபரேற்றர் மீது சுமத்தப்படும் குற்றங்களில் பாதிக்கு மேல் வேறிடத்தில் நடந்தவை என்பது என் தொழிலில் நான் திரும்பத் திரும்பக் கண்டது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டாப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர். எட்டு வால்வுகளுக்கும் ஒன்பது என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிபார்க்கலாம், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை, இப்படியே இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பதாக வரும். டிஸ்ரிபியூற்றரில் உள்ள பொயின்ற் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். டிஸ்ரிபியூற்றரிலிருந்து காபரேற்றருக்கு வரும் மெல்லிய வெற்றிடக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். காற்று தடையின்றி வந்தால் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது.

உங்கள் காருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய்க் காலத்தில் ஓடிய கார் என்கிறீர்கள். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு; எஞ்சின் தட்டாமல் இருப்பதற்காக அன்று பிளக் பொறி விடும் நேரத்தை, அதாவது ரைமிங்கைப் பின்னே தள்ளி வைப்பது வழக்கம். பெரியப்பாவின் காலத்தில் தள்ளி வைத்தது அப்படியே இருந்தால், பெற்றோலில் இந்த எஞ்சின் சோம்பிப் போகும், சூடாகும், எந்தக் கலவையிலும் நிறைவாக ஓடாது. கப்பியில் உள்ள குறியை வைத்து, கைநூலில் உள்ளபடி ரைமிங்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அதன்பிறகு எழுதுங்கள், மிச்சத்தைப் பார்க்கலாம்.

ஹரோ வாசி:

வவுனியா ஐயா எழுதியதற்கு மேல் ஊசியைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நான் லண்டனின் ஹரோ பகுதியில் இருக்கிறேன், என்னிடமும் 1098 சி.சி. மைனர்தான் இருக்கிறது.

கிற் என்று ஒரே பொதியில் விற்கப்படுவதில் எந்த ஊசி இருந்தது என்று அந்தக் கராஜில் கேட்டீர்களா? மினி காருக்கும் இதே எச்.எஸ். 2 காபரேற்றர்தான் வந்தது. உடலும் பிஸ்ரனும் பார்வைக்கு ஒன்றே, 0.090 அங்குல ஜெட்டும் ஒன்றே, ஆனால் ஊசி வேறு. மைனர் 1098க்கு உரிய வழமையான ஊசியின் குறி ஏ.என். அந்த எழுத்துகள் ஊசியின் தண்டில் பொறிக்கப்பட்டிருக்கும்; பிஸ்ரனிலிருந்து வெளியே எடுத்தால்தான் படிக்க முடியும், அதற்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

ஊசி சரியானதாகவே இருந்தாலும், அதைப் பிஸ்ரனில் எந்த உயரத்தில் பூட்டியிருக்கிறார்கள் என்பது அதே அளவு முக்கியமானது. ஊசியின் தோள், பிஸ்ரனின் அடிமுகத்தோடு சமமாக நிற்க வேண்டும். ஒரு நேரான தகட்டை வைத்துப் பார்த்தால் தோளும் முகமும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். தோள் உள்ளே போயிருந்தால் ஊசி முழுவதும் உயர்ந்துவிட்டது என்று பொருள். ஜெட்டின் வாயில் அதன் மெல்லிய பகுதி நிற்பதால் எல்லா வேகத்திலும் கலவை செறிவாகிவிடும். தோள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இதற்கு எதிரானது நடக்கும். நட்டில் ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் என்பதை நினைத்துப் பாருங்கள். ஊசியை ஒரு மில்லிமீற்றர் தவறாகப் பூட்டினால் ஆறு பட்டைகளை விழுங்கிவிடும்.

எடுத்த ஊசியை வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றியும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பான கோடு தெரிந்தால், அது ஜெட்டின் சுவரில் உராய்ந்துகொண்டிருக்கிறது.

மட்டுநகர் சந்திரன்:

ஓர் ஆலோசனை. இலங்கையில் பல மைனர்களில் ஜப்பானியக் காபரேற்றரையோ, எஞ்சினையே முழுமையாகவோ மாற்றி நிம்மதியாக ஓட்டுகிறார்கள். உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். பழுது பார்ப்பவருக்கும் பழக்கமான பொருள். நாள்தோறும் ஓட்டும் காராக வேண்டும் என்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் அதையும் எண்ணிப் பாருங்கள்.

வவுனியா கராஜ்:

சந்திரன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. எஞ்சினே போய்விட்ட கார்களுக்கு நானும் அதைச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கும்போது, எஸ்.யூ.வைக் கழற்றிப் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

பல ஜெட்டுகள், காற்று ஜெட்டுகள், அக்சலரேற்றர் பம்பு, இரண்டாவது தொண்டை என்று இருக்கும் காபரேற்றரில் ஒரு நுண்துளை அடைத்தால் அதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போகும். எஸ்.யூ.வில் ஒரே ஒரு ஜெட், ஒரே ஓர் ஊசி. எஞ்சின் எவ்வளவு காற்றைக் கேட்கிறதோ அவ்வளவுக்குப் பிஸ்ரன் உயர்கிறது, கூம்பிய ஊசி அதனோடு உயர்ந்து அதற்கேற்ற பெற்றோலை விடுகிறது. காற்றின் வேகம் ஜெட்டின் மேல் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. ஸ்கின்னர் சகோதரர்கள் முதலில் பிஸ்ரனுக்குப் பதிலாகத் தோல் துருத்தியை வைத்து இதை உருவாக்கினார்கள். 1926இல் வில்லியம் மொறிஸ் அந்த நிறுவனத்தையே வாங்கினார். அதன் அடிப்படை பல பத்தாண்டுகள் மாறவில்லை, மாற்ற வேண்டிய தேவையும் வரவில்லை. சரியாக அமைத்த எஸ்.யூ.வுக்கு ஆண்டில் ஒருமுறை சுத்தமும், அவ்வப்போது சில துளி எண்ணெயும் போதும். நாள்தோறும் ஓட்டும் காருக்கு இதைவிட ஏற்றது எது?

கொக்குவில் மைனர்:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே பார்த்தேன்.

விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது ஜெட்டின் தலைக்கும் நட்டுக்கும் நடுவில் இடைவெளி தெளிவாகத் தெரிந்தது. விரலால் மேலே தள்ளியதும் எஞ்சின் உடனே மென்மையாக ஓடத் தொடங்கியது. கேபிளைத் தளர்த்திப் பூட்டிய பிறகு நட்டு உயிர்பெற்றுவிட்டது. ஒவ்வொரு பட்டைக்கும் ஓசை மாறுகிறது. டாப்பெட்டுகள் இரண்டு இறுகியிருந்தன, அவற்றைச் சரிசெய்தேன். ரைமிங் குறிப்பிட்ட அளவை விட வெகுவாகப் பின்தங்கி இருந்தது. அதை முன்னே கொண்டுவந்ததும் காரின் இழுவையில் தெரிந்த மாற்றம் எனக்கு வியப்பாக இருந்தது.

ஆனாலும் கலவை சரியாக அமையும் இடம் முழு மேல்நிலையிலிருந்து மூன்று பட்டைகள் இறக்கத்திலேயே வந்துவிட்டது. கைநூலில் தொடக்க நிலையாக இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு பட்டைகள் என்று இருப்பதால் ஐயம் வந்து, பிஸ்ரனை வெளியே எடுத்தேன். ஹரோ நண்பர் சொன்னது அங்கே இருந்தது: ஊசியின் தோள் பிஸ்ரனுக்குள் ஒன்றரை மில்லிமீற்றர் போலப் புதைந்திருந்தது. குறி ஏ.என். என்றே இருக்கிறது, உராய்ந்த கோடும் இல்லை. ஊசியைச் சமமாக இழுத்துப் பூட்டியிருக்கிறேன்.

இனி நட்டை முறையாக அமைப்பது எப்படி என்று படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும். பிஸ்ரனைக் கழற்றிப் பூட்டியதில் ஜெட்டின் மையம் விலகியிருக்குமா என்ற அச்சமும் உண்டு. இன்னொரு கேள்வி: நண்பகல் வெயிலில் சிறிது தூரம் ஓட்டி நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்ப எடுத்தால் எஞ்சின் நெடுநேரம் சுற்றிய பிறகே பற்றுகிறது. இதுவும் கலவையினாலா?

கோவை மைனர்:

வெயில் கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். என்னுடையது 948 சி.சி. மைனர், கோயம்புத்தூரில் ஓடுகிறது. சித்திரை வைகாசியில் இதே தொல்லையை அறிந்திருக்கிறேன்.

இந்த எஞ்சினில் உள்ளிழுக்கும் குழாயும் புகைபோகும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டியபடி இருக்கின்றன. கார்புரேட்டர் ஏறக்குறைய அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது புதிதாக வரும் பெட்ரோலும் விசிறிக் காற்றும் அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் அந்த இரண்டும் நின்றுபோகின்றன, மேனிஃபோல்டின் சூடு மட்டும் மேலே ஏறுகிறது. மிதவை அறையில் உள்ள பெட்ரோல் ஆவியாகி, அதில் ஒரு பகுதி ஜெட் வழியாகப் பொங்கி உள்ளே இறங்கிவிடுகிறது. ஆகவே திரும்ப எடுக்கும்போது எஞ்சினுக்குள் இருப்பது அளவுக்கு மீறிய செறிவான ஆவி. அப்போது சோக்கைத் தொடவே கூடாது. அக்சிலரேட்டரைப் பாதி வரை அழுத்தி, அசைக்காமல் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் காற்று உள்ளே போய் அதை வெளியேற்றிவிடும். பலமுறை மிதித்து மிதித்து எடுப்பதால் பயன் இல்லை, எஸ்.யூ.வில் அக்சிலரேட்டர் பம்ப் கிடையாது.

கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தாத தடித்த துண்டு ஒன்று உண்டு. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் காகித கேஸ்கட்டோடு பூட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெட்ரோல் குழாய் மேனிஃபோல்டைத் தொட்டுக்கொண்டு போனால் அதையும் விலக்கிக் கட்டுங்கள்.

இந்தப் பகுதியைப் படிக்கும் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 மடங்கே போதும். ஆகவே பழைய அமைப்பில் இந்தப் பெட்ரோலை ஊற்றினால் கலவை மெலிந்துவிடும். நட்டைச் சில பட்டைகள் இறக்கி மறுபடி அமைக்க வேண்டும். பழைய ரப்பர்க் குழாய்களும் எத்தனாலில் வீங்கி உதிரும், அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

ஹரோ வாசி:

இங்கேயும் 2021 செப்ரெம்பர் முதல் சாதாரண பெற்றோலில் 10 வீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் 5 வீதம் மட்டும் உள்ள உயர்தரப் பெற்றோலையே ஊற்றுகிறார்கள், நானும் அப்படித்தான்.

வவுனியா கராஜ்:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி. புதைந்திருந்த ஒன்றரை மில்லிமீற்றர் என்பது ஒன்பது பட்டைகள். மூன்றோடு ஒன்பதைக் கூட்டினால் கைநூலின் பன்னிரண்டு வந்துவிடுகிறது. இனி நீங்கள் தேடும் இடமும் அதன் அருகிலேயே இருக்கும்.

முதலில் மையம். எஞ்சின் நின்றிருக்க, ஜெட்டை நட்டோடு முட்டவிட்டு, பிஸ்ரனைப் பக்க ஊசியால் முழுக்க உயர்த்தி, கையை விடுங்கள். அது தடையின்றி விழுந்து, அடித்தளத்தில் உலோகம் உலோகத்தில் தட்டும் ஒரு தெளிவான ஒலியை எழுப்ப வேண்டும். பிறகு சோக்கை இழுத்து ஜெட்டைக் கீழே இறக்கிவிட்டு அதையே செய்யுங்கள். இரண்டு ஒலியும் ஒன்றாக இருந்தால் மையம் சரி. ஜெட் மேலே இருக்கும்போது ஒலி மழுங்கி, கீழே இருக்கும்போது மட்டும் தெளிவாக இருந்தால் ஊசி சுவரைத் தொடுகிறது. அப்போது நட்டின் மேலே உள்ள ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு நட்டை முழுக்க மேலே ஏற்றி, ஜெட் உறையின் பூட்டு நட்டைத் தளர்த்தி, மேலேயிருந்து ஒரு பென்சிலால் பிஸ்ரனை மெல்ல அழுத்திப் பிடித்தபடி மீண்டும் இறுக்குங்கள். ஊசியே தன் நடுவைத் தேடிக்கொள்ளும். இறுக்கிய பின் ஒலியை மறுபடி கேளுங்கள். இறுக்கும்போது விலகிப்போவது உண்டு, பொறுமையாகத் திரும்பச் செய்ய வேண்டும்.

பிஸ்ரனையும் அதன் மேல் உள்ள குடுவையையும் துடைக்கும்போது பெற்றோல் நனைத்த துணியைத் தவிர வேறெதையும் பயன்படுத்த வேண்டாம், மண்கடதாசி கூடவே கூடாது. அவை இரண்டும் சோடியாகப் பொருத்தப்பட்டவை. வேறொரு காபரேற்றரின் குடுவையை எடுத்துப் போட்டால் பொருந்தாது. பிஸ்ரனின் விளிம்பும் குடுவையின் உட்சுவரும் உலர்ந்திருக்க வேண்டும், நடுத்தண்டுக்கு மட்டும் ஒரு துளி எண்ணெய். பிறகு தண்டின் உட்துளையில் எஸ்.ஏ.ஈ. 20 எண்ணெயை ஊற்றுங்கள். பிஸ்ரனின் அசைவைத் தணிக்க மேல் மூடியோடு வரும் டாம்பரைச் செருகும்போது, மூடி உட்காருவதற்கு ஆறு மில்லிமீற்றர் இருக்கையில் எண்ணெயின் தடை விரலுக்குத் தெரிந்தால் அளவு சரி. தடித்த கியர் எண்ணெயை ஊற்றுவோர் இருக்கிறார்கள், அது தவறு. பிஸ்ரன் உயர நேரம் எடுத்து, மிதிக்கும்போதெல்லாம் கலவை செறிவாகும்.

இப்போது நட்டு. முழுக்க மேலே ஏற்றி, அங்கிருந்து பன்னிரண்டு பட்டைகள் இறக்குங்கள். காரைச் சாலையில் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். கொட்டகையில் நின்றபடி ஓடவிட்டுச் சூடாக்கினால் போதாது. ஐடில் திருகாணியை 700 சுற்று அளவுக்கு இறக்குங்கள். 1200 சுற்றில் வைத்து அமைக்கும் கலவை நம்பத்தக்கதன்று. அதன்பின் ஒருமுறைக்கு ஒரு பட்டை மட்டும் திருப்பி, சில நொடி காத்திருந்து கேளுங்கள். ஒவ்வொரு முறையும் விரலால் ஜெட்டை மேலே தள்ளி, அது நட்டில் முட்டியிருப்பதை உறுதி செய்யுங்கள். எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடம் ஒன்று வரும். அங்கிருந்து, வேகம் குறையத் தொடங்கும் வரை ஒவ்வொரு பட்டையாக மேலே ஏற்றி, பின் ஒரு பட்டை மட்டும் கீழே இறக்குங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்தால் எஞ்சினை 2500 சுற்றுக்குக் கொண்டுபோய் அரை நிமிடம் வைத்துத் தேங்கியதை வெளியேற்றிவிட்டுத் தொடருங்கள்.

சோதிப்பதற்குப் பக்க ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முதலில் சிறிது வெற்று அசைவு இருக்கும், அதன் பிறகே பிஸ்ரனைத் தொடும். தொட்ட இடத்திலிருந்து ஒரு மில்லிமீற்றரை விடக் குறைவாகவே உயர்த்த வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் செறிவு. உடனே குறைந்து அணையப் பார்த்தால் மெலிவு. ஒரு கணம் சிறிதே கூடிவிட்டுப் பழைய நிலைக்கு வந்தால், அதுதான் நீங்கள் தேடியது. அதிகமாக உயர்த்தினால் எந்த எஞ்சினும் அணையும். அதைக் கண்டு மெலிவு என்று எண்ணி நட்டை இறக்கிவிட வேண்டாம்.

இதைச் செய்தும் ஐடில் ஒரு நிலையில் நில்லாமல் ஏறி இறங்கினால், அக்சலரேற்றரை மிதிக்கும்போது திரும்பும் திரொட்டில் தண்டின் இரு முனைகளிலும் காபரேற்றர் சுத்திகரிப்பானைச் சிறிது தெளியுங்கள். ஓசை மாறினால் தண்டோ அதன் துளையோ தேய்ந்து காற்று உள்ளே வருகிறது. இந்த வயதுக் காபரேற்றரில் அதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். அதை நட்டால் ஈடுசெய்ய முயன்றால் ஐடிலில் சரியாகவும் சாலையில் செறிவாகவும் அமையும். கடைசற்காரரிடம் கொடுத்து தண்டு சுழலும் துளைகளில் புதிய புஷ் (உலோக உறை) அடித்து, புதிய தண்டைப் பொருத்துவதே அதற்கு வழி.

கடைசியில் புதிய பிளக்குகளைப் போட்டு நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டி, ஓடும்போதே எஞ்சினை அணைத்து, கிளச்சை மிதித்தபடி ஓரத்தில் நிறுத்தி ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வாகனங்கள் இல்லாத நேரத்தில், நேரான சாலையில் மட்டும் செய்யுங்கள். இளம் மண்ணிறம் நல்லது. வெண்மையாக இருந்தால் உடனே ஒரு பட்டை இறக்கிவிடுங்கள். நம் வெயிலில் மெலிந்த கலவை வால்வுகளைச் சுட்டுவிடும், சிறிது செறிவாக இருப்பது அதைவிட மேல்.

இன்னொன்று தம்பி, எஞ்சின் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். இவ்வளவு நாள் பாதிச் சோக்கில் ஓடியதில் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். ஆழக்கோலை எடுத்து முகர்ந்து பார்த்தால் தெரியும்.

கொக்குவில் மைனர்:

ஆழக்கோலில் பெற்றோல் நெடி இருக்கிறது, ஐயா. எண்ணெயையும் வடிகட்டியையும் நாளைக்கே மாற்றிவிடுகிறேன். நட்டு இப்போது பதினொரு பட்டை இறக்கத்தில் நிற்கிறது; பக்க ஊசியை உயர்த்தினால் ஒரு கணம் கூடிவிட்டுத் திரும்புகிறது, சந்தியில் நிறுத்தினாலும் அணையவில்லை. திரொட்டில் தண்டின் இடது முனையில் தெளித்தபோது ஓசை சிறிது மாறியது. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ புஷ் அடித்துத் தரக்கூடிய நல்ல கடைசற்பட்டறை எது என்று தெரிந்தவர்கள் தனிமடலில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.